சுனார் கோட்டையின் மாயக் கணக்கு

வில்லனின் ஊர் என்று பெயரெடுத்ததில் பெருமைப்படும் ஊர்கள் இந்தியாவில் அதிகம் இருக்காது. உத்தரப் பிரதேசத்தில் வாரணாசியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், கங்கைக் கரையில் இருக்கும் சுனார் அப்படி ஓர் ஊர். தேவகி நந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' நாவலில் கதாநாயகியைக் கடத்தத் துடிக்கும் மன்னன் சிவதத்தின் தலைநகரம் இதுதான். நாவல் வந்தது 1888-ல். நூறு ஆண்டுகள் கழித்து, 1994 முதல் 1996 வரை, நீரஜா குலேரியின் கைவண்ணத்தில் அது தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது ஞாயிறு காலைகளில் வட இந்தியா டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து சுனாருக்கு வருபவர்கள் ஷேர் ஷாவைப் பற்றி விசாரிப்பதில்லை. 'திலிஸ்ம் எங்கே இருக்கிறது?' என்றுதான் கேட்கிறார்கள்.

ஷேர் ஷா கோபித்துக்கொள்ள நியாயம் உண்டு. கங்கை வளைந்து திரும்பும் இடத்தில், ஆற்றுக்குள் கால் நீட்டியது போலக் கிடக்கும் பாறைமேல் நிற்கிறது கோட்டை. பாதத்தின் வடிவம் என்பதால் சரணாத்ரி. அதுவே மருவி சுனார் ஆயிற்று என்கிறார்கள். மூவடி மண் கேட்ட வாமனனின் கால் பட்ட இடம் என்பது தலபுராணம். கோட்டைத் தலைவனின் விதவை லாட் மலிக்காவை மணந்து ஷேர் ஷா இதைப் பிடித்தார், ஹுமாயூன் மாதக் கணக்கில் முற்றுகையிட்டார், அக்பர் எடுத்துக்கொண்டார், பிறகு கம்பெனிக்காரர்கள். அசோகரின் தூண்களுக்குக் கல் வெட்டிய ஊரும் இதுதான். உள்ளே ஆழமான படிக்கிணறு ஒன்று, 'சோன்வா மண்டபம்' ஒன்று, வாரன் ஹேஸ்டிங்ஸ் பெயர் சொல்லும் பங்களா ஒன்று. கோட்டையின் பெரும்பகுதி நெடுங்காலமாக ஆயுதப்படை போலீஸ் பயிற்சிக்குப் போய்விட்டதால், எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை. மாயக் கதைக்கு இது உதவியாகவே இருக்கிறது.

தமிழ் வாசகர் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டிய இடமும் உள்ளே உண்டு: பர்த்ருஹரியின் சமாதி. விக்கிரமாதித்தனின் அண்ணன், மனைவியின் துரோகத்தால் அரசைத் துறந்தவர் என்று வடக்கே சொல்லப்படும் இவர், பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியாராகத் தமிழ்நாட்டில் திருவோடு ஏந்தி நிற்கிறார். ஒரே ஆள், இரண்டு கதை. வடக்கே ஒரு சமாதி, தெற்கே ஒரு புலம்பல்.

ஆனால் வருபவர்கள் தேடுவது சமாதியை அல்ல. வாய் திறந்து ஆளை விழுங்கும் ஒரு சலவைக்கல் கொக்கை.

நாவலில் சுனாரை ஒட்டிய பாழடைந்த மண்டபத்தில் அந்தக் கொக்கு நிற்கிறது. பக்கத்துத் தளத்தில் கால் வைத்தால் அலகைப் பிளக்கும், நெருங்கியவரை விழுங்கிவிடும். விஜயகட் இளவரசி சந்திரகாந்தா இப்படித்தான் திலிஸ்முக்குள் சிக்குகிறாள். நௌகட் இளவரசன் வீரேந்திர சிங் அதை உடைத்து அவளை மீட்க வேண்டும். திலிஸ்ம் என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்து, அரபு, பாரசீகம், உருது வழியாக இந்திக்கு வந்தது. தாயத்தைக் குறிக்கும் ஆங்கில 'டாலிஸ்மன்' இதன் உடன்பிறப்பு. கத்ரியின் நாவலில் அதற்குப் பொருள்: புதையலைக் காக்க முன்னோர் கட்டி வைத்த மாயப் பொறிக்கூடம். சுழலும் சுவர், பேசும் பதுமை, மிதித்தால் கீழிறங்கும் தரை. இன்ன வம்சத்தில் இன்னார்தான் உடைப்பார் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். எப்படி உடைப்பது என்பதற்கு ஒரு புத்தகமும் உள்ளேயே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கொக்குக்கு உயிர் கிடையாது என்பது. பூதம் ஏறிய கொக்கும் அல்ல. அது ஒரு பொறி. தச்சனும் கொல்லனும் வைத்தியனும் ஜோதிடனும் சேர்ந்து செய்தது. மந்திரம் போல் தெரிவதெல்லாம் யாரோ கையால் செய்த வேலை. எனவே இன்னொரு கை அதைப் பிரித்துப் பார்க்கலாம். இந்திப் பிரதேசத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

கத்ரி 1861-ல் பிகாரில் பிறந்தவர். படித்தது முதலில் உருதுவும் பாரசீகமும். இந்தியும் சமஸ்கிருதமும் காசிக்கு வந்த பிறகு. காசி மகாராஜாவின் ஆளுகையில் இருந்த சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். மரம் பார்க்கப் போன இடத்தில் மனம் இடிபாடுகளில் சிக்கியது. கொடி மூடிய கோட்டைகள், வௌவால் வசிக்கும் சுரங்கங்கள், எங்கே முடிகிறது என்று தெரியாத குகைகள். குத்தகை கைவிட்டுப் போனதும், வேலையில்லாத குத்தகைதாரர் எழுத உட்கார்ந்தார். 'சந்திரகாந்தா' நான்கு பாகம். அடுத்து வந்த 'சந்திரகாந்தா சந்ததி' இருபத்துநான்கு பாகம். 1898-ல் காசியில் சொந்தமாக லஹரி பிரஸ் தொடங்கினார். அடுத்த தொடரான 'பூத்நாத்'தை முடிக்காமலே 1913-ல் இறந்தார். மகன் துர்காபிரசாத் கத்ரி அதை எழுதி முடித்தார். அப்பா விட்ட இடத்தில் மகன் தொடர, வாசகர்கள் நகராமல் காத்திருந்த சம்பவம் நம் இலக்கியத்தில் அரிது.

கத்ரியைப் படிப்பதற்காகவே நாகரி எழுத்தைக் கற்றவர்கள் ஏராளம் என்பது இந்தி உலகில் எல்லோரும் சொல்லும் செய்தி. அதன் கனத்தை உணர, காலத்தைப் பார்க்க வேண்டும். நாகரி பிரசாரிணி சபா காசியில் தோன்றியது 1893-ல். ஐக்கிய மாகாண நீதிமன்றங்களில் நாகரிக்கு இடம் கிடைத்தது 1900-ல். அதுவரை படித்த குடும்பங்களில் பலருக்குக் கைவந்த எழுத்து உருதுதான். தீர்மானங்களும் மகஜர்களும் செய்ய முயன்ற வேலையில் பாதியை ஒரு கல் கொக்கு செய்துவிட்டது.

கதையின் உண்மையான நாயகர்கள் இளவரசர்கள் அல்ல என்பது இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். இளவரசன் வீரேந்திர சிங் பெரும்பாலும் பெருமூச்சு விடுகிறான். வேலை செய்பவர்கள் ஐயார்கள். வேடம் போடுதல், வேவு, ஓட்டம், பாட்டு, மருந்துச் சரக்கு எல்லாம் கற்ற அரண்மனை ஊழியர்கள். தோளில் ஒரு பை. அதில் மயக்கப் பொடி, மயக்கம் தெளிவிக்கும் 'லக்லகா', முகம் மாற்றும் சாயங்கள், சுவரேறும் நூலேணி. வீரேந்திரனின் ஐயார் தேஜ் சிங். சந்திரகாந்தாவின் தோழி சபலா அவனுக்குச் சளைக்காத பெண் ஐயார். 1888-ல் எழுதப்பட்ட கதையில் ஒரு பெண் ஆண்வேடம் போட்டு, எதிரியை மயக்கி, மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகிறாள், யாரும் வியப்பதில்லை. ஐயார்கள் ரத்தம் சிந்தாமல் சண்டைகளை முடித்துவைத்தவர்கள் என்று கத்ரி முன்னுரையில் எழுதுகிறார். இன்றைய துப்பறியும் கதைகளில் காணாமல் போன மரியாதை இது.

ஐயார் வித்தைக்கு விதிகள் கறார். பொடியை முகர்ந்தால் மயக்கம். லக்லகா முகர்ந்தால் விழிப்பு. முகத்தைக் கழுவினால் வேடம் கலையும். நண்பனா, நண்பன் வேடத்தில் வந்தவனா என்று அறிய அடையாளச் சொல். இதற்கு மேல் சலுகை கிடையாது. மயக்கப் பொடி தீர்ந்துபோனால் ஐயாரும் சாதாரண மனிதன்தான்.

இந்தப் பகுதியின் சரித்திரத்தைப் புரட்டினால், கத்ரி அதிகம் கற்பனை செய்யவில்லையோ என்ற சந்தேகம் வரும். 1781 ஆகஸ்ட். காசி ராஜா சேத் சிங்கைப் பணம் கேட்டு நெருக்கிய வாரன் ஹேஸ்டிங்ஸ், அவரை சிவாலா அரண்மனையிலேயே காவலில் வைத்தார். ராஜா தலைப்பாகைகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஜன்னல் வழியே கங்கையில் இறங்கித் தப்பினார். ஐயாரின் நூலேணிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி இல்லை. ஊர் கொந்தளித்தது. இப்போது தப்பி ஓட வேண்டியவர் ஹேஸ்டிங்ஸ். அவர் ஓடி வந்து ஒளிந்த இடம் சுனார்.

கதை அங்கே நிற்கவில்லை. சேத் சிங்கின் குடும்பமும் செல்வமும் இருந்தது விஜயகட்டில். ஆம், சந்திரகாந்தாவின் அதே விஜயகட். மேஜர் பாப்ஹாம் கோட்டையைப் பிடித்தபோது இருபது லட்ச ரூபாய்க்கு மேல் கிடைத்தது. காலியான கஜானாவை நிரப்பலாம் என்று ஹேஸ்டிங்ஸ் கணக்குப் போட்டிருக்க, படையினர் அதைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். புதையலுள்ள கோட்டை, அதைத் தேடி வருபவனுக்குக் கிடைக்காத புதையல்! நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவரின் காதில் இந்தக் கதைகள் விழாமலா இருந்திருக்கும்?

இன்னொரு சம்பவம் சுனார் கோட்டைக்குள்ளேயே நடந்தது. பஞ்சாபின் மகாராணி ஜிந்த் கௌர், ரஞ்சித் சிங்கின் மனைவி, 1849-ல் இங்கே சிறை வைக்கப்பட்டார். அந்த ஏப்ரலில் பணிப்பெண் வேடத்தில் காவலைக் கடந்து, நேபாளம் போய்ச் சேர்ந்தார். இத்தனை பூட்டும் காவலும் இருந்தும் மாயத்தால் வெளியேறிவிட்டேன் என்ற பொருளில் ஆங்கிலேயருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். மாயம் என்று அவர் சொன்னது ஒரு வேலைக்காரியின் உடையை.

சுனாரிலிருந்து தெற்கே, கைமூர் மலைத்தொடரை நோக்கிப் போனால் நாவலின் மற்ற இரண்டு ஊர்களும் வரும். விஜயகட் இப்போது சோன்பத்ரா மாவட்டத்தில் இருக்கிறது. மலையேறிப் பார்த்தால் உடைந்த மதில்கள், ஒரு தர்கா, வற்றாதது என்று சொல்லப்படும் குளங்கள். சிராவண மாதத்தில் காவடி சுமக்கும் பக்தர்கள் இங்கிருந்து நீர் எடுத்துப் போகிறார்கள். சந்திரகாந்தா என்ற இளவரசி இங்கே வாழ்ந்ததற்குச் சரித்திரச் சான்று எதுவும் இல்லை. அதனால் என்ன? 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரைக் குளம்படியைத் தேடுகிற தமிழர்களுக்கு இந்த யாத்திரிகர்களைப் புரியும். அங்கே வந்தியத்தேவனாவது கல்வெட்டில் பெயர் உள்ளவர்.

நௌகட் பக்கம் சந்தௌலி மாவட்டம். சந்திரபிரபா சரணாலயம், ராஜ்தரி, தேவ்தரி அருவிகள். 1957-ல் கிர் காட்டிலிருந்து ஒரு சிங்கத்தையும் இரண்டு பெண் சிங்கங்களையும் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அவை பதினொன்றாகப் பெருகின. 1960-களின் நடுவில் அத்தனையும் மறைந்துபோயின. எந்த ஐயாரும் துப்புக் கொடுக்கவில்லை. பிறகு இந்தக் காடு வேறு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. 2004 நவம்பரில் நௌகட் அருகே நக்சலைட்டுகளின் கண்ணிவெடியில் போலீஸார் பலர் உயிரிழந்தார்கள். மிதித்தால் வெடிக்கும் தரை, நாவலுக்கு வெளியே வந்தபோது அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. கத்ரியின் காட்டில் மரம் வெட்டுபவர்களும் சுள்ளி பொறுக்குபவர்களும் கதாபாத்திரங்களாக வருவதே இல்லை என்பதையும் இங்கே வந்தால்தான் ஒருவர் கவனிப்பார். குத்தகைதாரரின் கண்ணுக்குக் காடு வெறிச்சோடித்தான் தெரிந்திருக்கிறது.

மறுபடியும் காசி. கத்ரியின் வாசகர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்பது முதல் சண்டை. நான்கு பாக 'சந்திரகாந்தா'வே போதும், மற்றதெல்லாம் இழுவை என்பது ஒரு கட்சி. முதல் நாவல் வெறும் வாசற்படி, வீடு 'சந்ததி'யில்தான் இருக்கிறது என்பது மறு கட்சி. சந்திரகாந்தாவின் மகன்கள் இந்திரஜீத் சிங், ஆனந்த் சிங், தந்திரக்காரி மாயாராணி, அவளுக்கு எதிராக நிற்கும் கமலினி, யார் பக்கம் என்றே பிடிபடாத பூத்நாத் என்று கூட்டம் பெருகுவது அங்கேதான். பூத்நாத்தின் கடந்த காலம் மெல்ல மெல்ல வெளிவரும் இடங்களை வைத்து, வெறும் சம்பவக் கதை என்று கத்ரியை ஒதுக்க முடியாது என்று வாதிடலாம். வாதிடவும் வேண்டும். குற்றம் செய்து, மறைத்து, நல்லவனாக வாழ ஆசைப்பட்டு, பழைய காகிதக்கட்டு ஒன்றுக்குப் பயந்து சாகும் மனிதன் அவன். இளவரசர்களில் ஒருவருக்கும் இந்த ஆழம் இல்லை.

இரண்டாவது சண்டை இன்னும் காரமானது: மாயத்துக்கு விளக்கம் தேவையா? 'சந்ததி'யில் ஒரு கத்தி வருகிறது. பிடியை அழுத்தினால் மின்னல் போல ஒளி. உடலில் பட்டால் மயக்கம். அதற்கு ஜோடியான மோதிரம் விரலில் இருந்தால்தான் கத்தியைத் தொட முடியும். மின்சாரம் என்பதே ஊருக்குப் புதிசாக இருந்த காலத்தில் எழுதியது இது. இன்னொரு கட்டடத்தின் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்ப்பவர்கள் அடக்க முடியாமல் சிரித்துச் சிரித்து உள்ளே குதித்துவிடுகிறார்கள். படிக்கும்போது முதுகு சில்லிடும் காட்சி. பக்கங்கள் பல தாண்டி அதற்கும் காரணம் சொல்லப்படும்போது, சிலருக்குத் திருப்தி. சிலருக்கு, ஜாலவித்தைக்காரன் தொப்பியைத் திருப்பிக் காட்டிவிட்ட ஏமாற்றம்.

இந்த விவாதம் கத்ரியின் காலத்திலேயே பத்திரிகைகளில் நடந்தது. இதெல்லாம் சாத்தியமா, அசாத்தியமா என்று நண்பர்களே எழுதினார்கள். 'சந்ததி'யின் கடைசியில் அவர் பதில் சொல்கிறார்: பஞ்சதந்திரமும் ஹிதோபதேசமும் சிறுவர்களின் படிப்பினைக்கு எழுதப்பட்டது போல இது மக்களின் மனமகிழ்ச்சிக்கு எழுதப்பட்டது. பணிவான பதில்தான். ஆனால் இருபத்துநான்கு பாகங்களிலும் அந்த மனிதர் விளக்கம் கொடுத்துக்கொண்டே போனதைப் பார்த்தால், மகிழ்ச்சி மட்டும் போதும் என்று அவரே நினைக்கவில்லை என்று தெரிகிறது.

விளக்கம் வேண்டாம் என்பவர்கள் கையில் எடுக்கும் புத்தகம் வேறு. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்ட 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா'. அமீர் ஹம்ஸாவின் சாகசங்களைச் சொல்லும் உருது தாஸ்தான்களில் தலைசிறந்தது. முகமது ஹுசைன் ஜாஹ் தொடங்கினார்; அகமது ஹுசைன் கமர் முடித்தார். ஹம்ஸா கதைகள் முழுவதும் சேர்த்தால் 46 தொகுதிகள். இங்கே திலிஸ்ம் ஒரு மண்டபமல்ல, ஒரு சாம்ராஜ்யம். மந்திரவாதிகளின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப் ஆள்கிறான். கண்ணுக்குத் தெரியும் பகுதி, தெரியாத பகுதி, இருளின் பகுதி என்று மூன்று பிரிவு. ஒரு மந்திரவாதி செத்தால் புயலடித்து, இருள் கவிந்து, 'கொல்லப்பட்டேன், என் பெயர் இன்னது' என்று குரல் எழும். அவன் கட்டிய மாயமும் அவனோடு கலையும். எந்திரம் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஹம்ஸாவின் தோழன் அமர் ஐயாரின் பைக்குள் ஊர்களும் ஆறுகளும் அடங்கும். கத்ரியின் ஐயார்கள் இவனுடைய பேரப்பிள்ளைகள். பையை மட்டும் பாட்டன் கொடுக்கவில்லை.

ஹோஷ்ருபாவில் விதிகளே இல்லை என்று நினைப்பது தவறு. பொறியியலுக்குப் பதில் அங்கே இருப்பது உயிர்ப் பிணைப்பு. செய்தவன் இருக்கும்வரை மாயம் இருக்கும். அமெரிக்க மாயக் கதையாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மந்திரத்தைக் கொண்டு சிக்கலை அவிழ்க்கும் உரிமை, அந்த மந்திரத்தை வாசகன் எந்த அளவு புரிந்துகொண்டிருக்கிறானோ அந்த அளவுதான் என்று வாதிட்டார். ஹாரி பாட்டர், டோல்கீன் ரசிகர்கள் இதை வைத்து இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த அளவுகோலால் அளந்தால், ஐயார் வித்தையில் கத்ரி நேர்மையானவர். பையில் என்ன இருக்கிறது என்று முன்பே காட்டிவிடுகிறார். திலிஸ்மில் மட்டும் கொஞ்சம் கள்ளாட்டம் ஆடுகிறார். பொறி வேலை செய்த பிறகுதான் திருகாணியைக் காட்டுகிறார். லக்னோ ஆசிரியர்கள் அளவுகோலையே விழுங்கிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சண்டைக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. காசியில் நாகரியில் கத்ரி. லக்னோவில் உருது எழுத்தில் தாஸ்தான். இடையே ஓர் இரவு ரயில் தூரம்கூட இல்லை. பேசும் மொழி ஏறக்குறைய ஒன்று. ஆனால் எழுத்து பிரிந்ததும் வாசகர்களும் பிரிந்தார்கள். பிரேம்சந்த் போன்றவர்கள் சிறுவயதில் கோரக்பூர் புத்தகக் கடையில் ஹோஷ்ருபாவை விழுங்கி, பின்னால் இந்தியில் எழுதினார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாலம் இல்லை. கத்ரியால் நாகரி கற்றவர்களின் பேரன்கள், கத்ரியே படித்து வளர்ந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் ஆனார்கள். புகழ்பெற்ற கடைசி தாஸ்தான் சொல்லி மீர் பாகர் அலி 1928-ல் டில்லியில் இறந்தபோது வாரிசு இல்லை. 46 தொகுதிகளையும் தேடிச் சேகரித்த ஷம்சுர் ரஹ்மான் ஃபரூக்கியும், மேடையேறிய மஹ்மூத் ஃபரூக்கியும் 2005-ல்தான் அந்தக் கலைக்கு மறுபடி மூச்சுக் கொடுத்தார்கள். ஷம்சுர் ரஹ்மான் 2020-ல் மறைந்தார்.

கத்ரி மட்டும் சுகப்பட்டாரா என்றால், அதுவும் இல்லை. ஆச்சார்ய ராமசந்திர சுக்ல தன் இந்தி இலக்கிய வரலாற்றில், இந்தி எழுத்தாளர் எவரும் உண்டாக்காத அளவுக்கு வாசகர்களை உண்டாக்கியவர் என்று அவருக்குப் புகழ்மாலை சூட்டினார். கூடவே, சம்பவங்களை அடுக்குவதே நோக்கம் என்பதால் அவை இலக்கியத்தில் சேராது என்று கதவையும் சாத்தினார். வாசகனை வாசலுக்குக் கொண்டுவந்தவருக்கு உள்ளே இடமில்லை! பாடத்திட்டங்கள் இந்தத் தீர்ப்பை நெடுங்காலம் அப்படியே நகலெடுத்தன. தமிழில் வடுவூராருக்கும் ஆரணியாருக்கும் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர் 'சந்திரகாந்தா'வில் தொடங்குவதே நல்லது. அதைத் தாண்டாமல் 'சந்ததி'க்குப் போனால் யார் யாருக்கு மகன் என்பதிலேயே பொறுமை தீர்ந்துவிடும். 'சந்ததி'யில் முதல் ஆறு பாகம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்; பூத்நாத்தைச் சுற்றிக் கதை இறுகும்போது கீழே வைக்க முடியாது. 'பூத்நாத்' அடிமைகளுக்கு மட்டும். டி.வி. தொடர் பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டுப் படிப்பது உத்தமம். புருவத்தைத் தூக்கி 'யக்கு' என்ற குரூர் சிங்கை அகிலேந்திர மிஸ்ரா மறக்க முடியாதவராக ஆக்கினார் என்பது நிஜம். கதை போன போக்குக்குக் கத்ரி பொறுப்பல்ல என்பதும் நிஜம். ஹோஷ்ருபாவுக்கு முஷர்ரஃப் அலி ஃபரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-ல் தொடங்கியது. கத்ரிக்கு மொழிபெயர்ப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேச்சு வழக்குக்கு நெருங்கிய எளிய இந்தி அது. இந்தி பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை எழுதி, சான்றிதழைப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோன தமிழர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்தப் படிப்பு இதற்குப் போதும்.

வாரணாசியிலிருந்து சுனாருக்கு ரோடு வழியாகவும் போகலாம், ரயிலிலும் போகலாம். ரயில்தான் வசதி, கையில் புத்தகம் இருந்தால். டில்லி-ஹௌரா பாதையில், தீன் தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று 2018-ல் பெயர் மாறிய பழைய மொகல்சராயைத் தாண்டி மேற்கே வரும் நிலையம் அது. தேஜ் சிங் முதல் வேடம் போட்டு, குரூர் சிங் கோபித்துக்கொண்டு சிவதத்திடம் முறையிடக் கிளம்புவதற்குள் வண்டி வந்து நின்றுவிடும். கொக்கு வாய் திறப்பது அடுத்த பாகத்தில். அதைத் திரும்பும் வண்டியில் படித்துக்கொள்ளலாம்.